புல்மலையில் பதினெட்டு போர்வெல்

கோல்ஃப் என்பது போர்வெல்லுக்குப் பாயிண்ட் பார்க்கிற வேலை என்று நான் நம்பியிருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எந்தப் பையனை அன்று அந்த மலைக்குக் கூட்டிப்போயிருந்தாலும் அவனும் அதையேதான் நம்பியிருப்பான். என்ன, என்னளவுக்கு நடுங்கியிருக்கமாட்டான்.

எங்கள் வீடு பெருந்துறையில். முழுப்பரீட்சை லீவு விட்டால் சிங்காநல்லூரில் இருக்கும் மாமா வீட்டுக்கு என்னை பஸ் ஏற்றிவிடுவார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. மோட்டார் பம்புக்கு உதிரிப்பாகம் கடைந்து கொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். வாரத்தில் ஆறு நாள் லேத் முன்னால் நின்று முடியிழை கனத்தை அளந்துகொண்டிருக்கும் மனிதர், திடீரென்று ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்திருந்தார். கேட்டால் பந்து விளையாடப் போகிறேன் என்பார்.

அத்தை இதை நம்பவில்லை. நியாயம்தான். தலையில் வழுக்கை விழ ஆரம்பித்த ஒரு ஆண்பிள்ளை பந்து விளையாடுவதற்காக அத்தனை கொண்டை ஊசி வளைவு ஏறுவானா? பந்துதான் வேண்டும் என்றால் மில்லுக்குப் பின்னால் கிரவுண்டு சும்மா கிடக்கிறதே. அதோடு, மலையிலிருந்து திரும்பி வரும் மாமாவின் செருப்பில் செம்மண்ணும் புல்லும் ஒட்டியிருக்கும். சாப்பிடும்போது காரணமில்லாமல் சிரிப்பார். "அந்த எடத்தப் பாத்தா பாத்துட்டே இருக்கலாம் அம்மணி" என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டார். கொங்கு நாட்டில் ஒருவர் ஓரிடத்தை அப்படி மெச்சினார் என்றால் அடுத்தது அட்வான்ஸ் கொடுப்பதுதான்.

அத்தைக்குப் பொள்ளாச்சிப் பக்கம் அவருடைய அப்பா கொடுத்த தென்னந்தோப்பு ஒன்று இருந்தது. அதை விற்று மலையில் நிலம் வாங்கப் பார்க்கிறார் மாமா என்று அத்தை முடிவு செய்துவிட்டார். அவருடைய சித்தப்பா ஒருவர் இப்படித்தான் காட்டை விற்று மேலே தேயிலை போட்டு, கடைசியில் கம்பளியோடு மட்டும் இறங்கி வந்தவர். எனவே அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு நானும் போவதென்று ஏற்பாடாயிற்று. மாமாவிடம் சொன்னது, பையனுக்கு மலை காட்டிவிட்டு வாங்க என்று. என்னிடம் சமையலறையில் வைத்துச் சொன்னது வேறு.

"கண்ணு, மாமன் யாரு கூடப் பேசறாரு, எதைப் பாக்கறாரு, எல்லாம் பாத்துட்டு வந்து சொல்லோணும். நெலம் வாங்கறதுக்குன்னு மட்டும் தெரிஞ்சுது, அடுத்த வாரத்துலருந்து காரு சாவி என்ற முந்தானைலதான் இருக்கும்."

மாமாவின் ஞாயிற்றுக்கிழமைகள் என் வாயில் இருந்தன. ஆனால் உண்மையைச் சொன்னால் நான் கவலைப்பட்டது அவரைப் பற்றி அல்ல. அந்தத் தோப்பில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி உண்டு. போர் தண்ணீர் குழாயிலிருந்து அதில் கொட்டும்போது அடியில் போய் நின்றால் முதுகில் யாரோ குத்துகிற மாதிரி சுகமாக இருக்கும். தோப்பு போனால் தொட்டி போகும். தொட்டி போனால் லீவு எதற்கு?

மலை ஏறும்போது எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே வந்தேன். பழம் தன் கடமையைச் செய்யவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் மாமா என்னைப் பின் ஸீட்டில் படுக்கவைத்துவிட்டு இறங்கினார். டிக்கியிலிருந்து ஒரு நீளப் பையை எடுத்து, பட்டறையில் சைக்கிள் சக்கரம் வைத்து அவரே வெல்டு செய்த ஒரு தள்ளுவண்டியில் வைத்தார். பையிலிருந்து கம்பிகள் எட்டிப் பார்த்தன. ஜன்னல் வழியாக நான் பார்த்த முதல் தடயம் அதுதான்.

தோப்பில் போர் போடுவதற்கு முன்னால் நீரோட்டம் பார்க்க ஒருவர் வந்திருந்தார். கையில் இரண்டு கம்பி வைத்துக்கொண்டு நடந்தார், நின்றார், கண்ணை மூடினார், ஒரு இடத்தைக் காட்டினார். அங்கே குச்சி நட்டுத் துணி கட்டினார்கள். இரண்டு கம்பிக்கே அவ்வளவு மரியாதை. மாமா ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார்.

கூட ஒரு வயதானவர் சேர்ந்துகொண்டார். எஸ்டேட்டில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எஸ்டேட் என்ற சொல் காதில் விழுந்ததுமே ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள். ஒற்றைக் கண்ணை மூடிச் சரிவைப் பார்த்தார்கள். மாமா ஒரு சிட்டிகை புல்லைக் கிள்ளிக் காற்றில் போட்டு அது எந்தப் பக்கம் போகிறதென்று கவனித்தார். பிறகு ஒரு கம்பியை உருவி, ஆனமட்டும் வீசினார். மண் பெயர்ந்தது. மண்ணைச் சோதிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நடந்து நடந்து எட்டத்தில் ஒரு கொடி நட்டிருந்த இடத்துக்குப் போனார்கள். கொடி. குச்சியில் கட்டிய துணி. இருவரும் குனிந்து உள்ளே பார்த்தார்கள். மாமா கையை விட்டு எதையோ எடுத்தார். மேனேஜர் ஒரு அட்டையில் குறித்துக்கொண்டார். எத்தனை அடி ஆழம் என்று குறிக்கிறார், வேறென்ன?

எழுந்து உட்கார்ந்து பார்த்தால் மலை முழுக்கக் கொடிகள். ஒரு தோப்புக்கு ஒரு போர் போடவே ஊரெல்லாம் யோசிக்கிறார்கள். இது மொத்தம் பதினெட்டாம். கார் நிறுத்துமிடத்துப் பலகையில் போட்டிருந்தது. அப்படியானால் எவ்வளவு பெரிய நிலம்! தோப்போடு நிற்காது, பட்டறையும் போகும், சிங்காநல்லூர் வீடும் போகும், அத்தையும் நானும் கம்பளியோடு இறங்கி வருவோம் என்று கணக்குப் போட்டேன். அவர்கள் சொத்து போனால் எனக்கு ஏன் கம்பளி என்றெல்லாம் யோசிக்கவில்லை. பயத்தில் இருக்கிறவன் பங்கு கேட்பானா?

இன்னொன்றும் என்னைக் குடைந்தது. இவ்வளவு புல் இருக்கிறதே, ஒரு மாடு கூட இல்லையே, ஏன்? கம்பளம் விரித்ததுபோல் மேடும் பள்ளமுமாகப் பச்சை போய்க்கொண்டே இருந்தது. அது முடிகிற இடத்தில் கருகருவென்று சோலைக்காடு. அதற்கு மேல் பனி. யாரும் மேய்க்காத, யாரும் அறுக்காத புல்லை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பயந்துகொண்டே இருந்தாலும் கால் அதன்மேல் நடந்து பார்க்க ஆசைப்பட்டது. இறங்கினேன். மாமா திரும்பிப் பார்த்து, வண்டிக்குப் பக்கத்திலேயே இரு என்று கைகாட்டினார். நான் இருக்கவில்லை.

மூன்றாவது கொடி ஒரு பள்ளத்துக்குள் இருந்தது. அவர்கள் நின்ற மேட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஓடை, சில மரங்கள். மேட்டிலிருந்து பார்த்தால் கொடியின் நுனி மட்டுந்தான் தெரியும். பனி கலையட்டும் என்று அவர்கள் அங்கே பேசிக்கொண்டு நின்றபோது நான் ஓரமாகச் சுற்றிப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டேன். துப்பறிகிறவன் ஆதாரத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டுமில்லையா?

பார்த்தேன். வட்டமான குழி. வட்டம் என்றால் கடைசல் பிடித்த வட்டம். உள்ளே பைப் இறக்கியிருந்தார்கள். பட்டறைக்காரர் வீட்டுப் பையனுக்குச் சொல்லவேண்டுமா, அது கேசிங் பைப்தான். ஏறக்குறைய நாலரை இஞ்ச்சு. பாயிண்ட் மட்டும் அல்ல, போரே போட்டாயிற்று. எல்லாம் முடிந்துவிட்டது. தொட்டிக்கு மனதுக்குள் விடை கொடுத்துக்கொண்டு அங்கேயே குந்தினேன்.

அப்போது எங்கிருந்தோ 'டப்' என்று ஒரு சத்தம். எனக்குச் சற்றுத் தள்ளிப் புல்லில் ஏதோ விழுந்து, துள்ளி, நிதானமாக உருண்டு வந்தது. வெள்ளைப் பந்து. அது என்னைத் தாண்டிப் போய், குழியின் விளிம்பில் ஒரு கணம் நின்று யோசித்து, 'டொக்' என்று உள்ளே விழுந்தது.

என் உயிரும் கூடவே விழுந்தது.

போருக்குள் ஏதாவது விழுவது என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். முந்தைய லீவில், தோப்பில் மோட்டாரை மேலே தூக்கியிருந்த நேரம், எட்டிப் பார்க்கும்போது கையிலிருந்த மாங்காயை கேசிங்குக்குள் தவறவிட்டிருந்தேன். அதை எடுக்க ஆள் வந்து, செயின் வந்து, கொக்கி வந்து, தோப்பு முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தபோது எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இப்போதும் நான். இப்போதும் போர். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. நான் போடவில்லை என்று சொன்னால் மாங்காய்க்காரனை யார் நம்புவார்கள்?

படுத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, கையைத் தோள்வரை விடுவதாக நினைத்து விட்டேன். ஒரு சாணில் பந்து தட்டுப்பட்டது.

ஒரே சாண். அடியில் தரை. ஈரம்கூட இல்லை. வந்த நிம்மதியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போர் பெயில்! தண்ணீர் வராத நிலத்தை யார் வாங்குவார்கள்? பந்தை எடுத்துச் சட்டையில் துடைத்து, யாரும் என்னைச் சந்தேகப்படமுடியாத தூரத்தில், பள்ளத்தின் ஓரத்துப் பெரணிச் செடிகளுக்குள் வைத்துவிட்டு, ஒரு பாறையின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவன் முகத்தை மாட்டிக்கொண்டேன்.

மாமா ஏறக்குறைய ஓடிவந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திட்டக்கூட அவருக்கு நேரமில்லை. கொடிக்குப் பக்கத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குழிக்குள்ளும் குனிந்து பார்த்தார். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது. பிறகு பெரணிக்குள் பந்தைக் கண்டார். மேனேஜர் புல்லில் விழுந்திருந்த சின்னப் பள்ளத்தைத் தடியால் காட்டி, "பந்து இங்கதான விழுந்திருக்குதுங்க, அங்க எப்படிங்க போச்சு?" என்றார்.

மாமா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். "அடிச்சப்ப கைக்கு ஒண்ணுமே தெரியலீங்க, வெண்ணெய வெட்டுன மாதிரி போச்சு" என்றார். பிறகு, "காத்துங்க. மலைக் காத்த யாரு கண்டாங்க" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டு, பெரணிக்குள்ளிருந்து பந்தை அடித்தார். அது குழியைத் தாண்டி எங்கோ போனது. திரும்பி அடித்தார். கடைசியில் வேறொரு சின்ன மட்டையை எடுத்து, மூச்சைப் பிடித்து, பந்தை மெதுவாகக் குழியை நோக்கித் தள்ளினார்.

அவரே தள்ளுகிறார். பெயிலான போர்தான் என்றாலும் மாங்காய்க்காரனால் பொறுக்க முடியவில்லை.

"மாமா, போருக்குள்ள போட்டுப்போடாதீங்க!"

பந்து உள்ளே விழுந்தது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கேசிங் பைப், மோட்டார், செயின், கொக்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மேனேஜர் சிரித்துச் சிரித்துப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமா மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். பந்தை அடித்துக் கொண்டுவந்து குழியில் போடவேண்டும், குறைந்த அடியில் போடுகிறவர் கெட்டிக்காரர், அட்டையில் எழுதுவது அடிகளின் கணக்கு.

எனக்கு இன்னும் தீரவில்லை. அத்தை கேட்டால் சொல்லவேண்டுமே. இதற்காக இவ்வளவு தூரம் வரவேண்டுமா, சிங்காநல்லூரில் குழி இல்லையா என்று கேட்டேன். இந்த விளையாட்டே சீமையில் கடற்கரை மணல்மேட்டில் பிறந்ததாக்கும் என்று மேனேஜர் நடுவில் ஒரு தகவல் சொன்னார். கடலெல்லாம் நமக்கு ஆகாதுங்க என்று மாமா கையை ஆட்டிவிட்டு என் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்தார்.

"பட்டறைல நாம் பாக்கறதெல்லாம் மூக்குக்கு முன்னால ஒரு முழந்தான் கண்ணு. அதுக்கு அந்தாண்ட பாத்து வருசமாச்சு. இங்க அடிச்சா, அது எங்க போகுதுன்னு தலையத் தூக்கிப் பாத்துத்தான ஆகோணும்?"

நானும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பனி விலகியிருந்தது. சோலைக்கு அப்பால் மலை அறுந்து விழுந்து, கீழே சமவெளி வெகுதூரம் கிடந்தது. ஒரு பளபளப்பைக் காட்டி அது நம்ம சிங்காநல்லூர்க் குளமாக இருக்கலாம் என்றார் மாமா. இல்லாமலும் இருக்கலாம். நாங்கள் இருவரும் அது நம்ம குளம்தான் என்று ஒத்துக்கொண்டோம். மீதிக் கொடிகளுக்கெல்லாம் தள்ளுவண்டியை நானே தள்ளினேன்.

மூன்றாவது குழியில் நடந்ததைச் சொல்லலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் மாமா சின்ன மட்டையை எடுத்து, மூச்சைப் பிடித்து, எவ்வளவு மரியாதையாகப் பந்தை உள்ளே அனுப்புகிறார் என்று பார்த்தேன் அல்லவா? அதுதான் முறை போலிருக்கிறது. அத்தனை தூரத்திலிருந்து கேட்காமல் கொள்ளாமல் வந்து விழுவதெல்லாம் ஆட்டத்தில் சேர்த்தியாக இருக்காது, தப்பாட்டம் என்று அவரைத் திட்டினாலும் திட்டுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

இரவு சமையலறையில் அத்தை விசாரணையை ஆரம்பித்தார். மாமா கூடத்தில் பேப்பரை விரித்து வைத்திருந்தார். பக்கம் திரும்பும் சத்தமே கேட்கவில்லை.

"என்ன பண்றாரு கண்ணு அங்க?"

"பந்த அடிக்கறாருங்க."

"அடிச்சு?"

"தேடறாருங்க அத்த."

"கெடச்சுதுன்னா?"

"மறுக்காவும் அடிச்சுத் தொலைச்சுப்போடறாருங்க."

அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்படிச் சிரித்து அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நிலம் வாங்குகிற ஆள் செய்கிற காரியம் இல்லை இது என்று அவருக்குத் தெளிவாகிவிட்டது. கார் சாவி ஆணியிலேயே தொங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தக்காளிச் சாதம் கட்டிக் கொடுத்து, கூடத் தேடுவதற்கு ஆள் வேண்டுமா என்று கேட்டு அனுப்பினார்.

மாமாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகு காரை நான் ஓட்டுகிறேன். தள்ளுவண்டியும் நான்தான். இப்போதும் அந்த மூன்றாவது மேட்டில் ஏறி நின்றதும் கொஞ்ச நேரம் கொடியின் நுனியையே பார்ப்பார். ஒரே அடியில் குழியில் போடுவது என்பது இந்த விளையாட்டில் பலருக்கு ஆயுசு முழுக்க வாய்க்காதாம். போன வாரமும் சொன்னார்:

"இந்தக் குழில மட்டும் ஒரே அடில உழுந்துட்டா, மட்டையக் கீழ வெச்சுப்போட்டு ஊட்டோட இருந்துக்குவேன் மாப்ள."

வெய்யில் ஏறுதுங்க மாமா, அடிங்க என்றேன்.

அந்த முழுப்பரீட்சை லீவிலேயே அது விழுந்தாயிற்று. ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரே அடியில், நேராகக் குழிக்குள்.