ஊசிக் கம்பெனியை மூடச் சொன்னவன்

பொருளாதாரத்தில் பட்டம் வாங்கிய பிறகு இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. ராயபுரத்தில் எங்கள் தெருவில் வேலையில்லாத இளைஞர்களுக்குக் குறைவில்லை. ஆனால் தனக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை என்று வரைபடம் போட்டு விளக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். டீக்கடை மேஜையில் தண்ணீர் தொட்டுக் கோடு இழுப்பேன். கோடு காய்வதற்குள் எதிரில் இருந்தவர் எழுந்து போயிருப்பார்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று யார் யாரிடமோ எனக்காகச் சொல்லிவைப்பார். அப்படித்தான் திருவொற்றியூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. தையல் மெஷின் ஊசி செய்கிற இடம். வெளிநாட்டு ஊசி வரத் தடை இருந்ததால்தான் அது பிழைத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை என்று பேச்சு.

முதலாளி சாதுவான மனிதர். என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, இறக்குமதித் தடையை எடுத்துவிடப் போவதாகப் பேசிக்கொள்கிறார்களே, அது பற்றி என்ன நினைக்கிறேன் என்று கேட்டார். பாவம், ஆறுதலாக ஒரு வார்த்தை எதிர்பார்த்திருக்கிறார். எனக்கோ அது பத்து மதிப்பெண் கேள்வியாகத் தெரிந்தது. எந்த நாட்டுக்கு எது மலிவாகச் செய்ய வருமோ அதை மட்டும் செய்ய வேண்டும், மற்றதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தொடங்கி உதாரணங்களோடு பொழிந்து தள்ளினேன்.

"அப்போ எங்க கம்பெனி?" என்றார்.

"மூடிடறதுதான் தேசத்துக்கு நல்லது சார்."

"இங்க வேலை செய்யறவங்க?"

"அவங்க வேற தொழிலுக்குப் போயிடுவாங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க எவ்வளவு நாளா வேலை தேடுறீங்க?"

"ரெண்டு வருஷமா சார்."

எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார். பிரமாதமாகப் பேசிவிட்டேன் என்ற மிதப்பிலேயே வீடு வந்து, ஒரு வரி விடாமல் அப்பாவிடம் ஒப்பித்தேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"கம்பெனிய மூடுன்னு சொல்லிட்டு, அங்கியே வேல கேட்டுக்கினு குந்தினு இருந்தியா நைனா?"

அதன் பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே புரிந்தது.

அடுத்த மாதம் அதே இடத்தில் ஊசி தரம் பிரிக்கப் பெண்கள் வேண்டும் என்றார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தோற்றுப்போயிருந்த என் தங்கை போனாள். கண் நன்றாகத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்களாம். வேலை கிடைத்துவிட்டது. துறைமுகத்தில் வேலைநிறுத்தம் வந்து அப்பா வீட்டில் இருந்த நாட்களில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. கோட்பாட்டின்படி இருக்கவே கூடாத ஒரு கம்பெனியின் காசில் நானும் உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

தினமும் காலையில் அவளை சைக்கிளில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. ஒருநாள் கேட்டருகே முதலாளி எதிரில் வந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். இறக்குமதி பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "உங்க தங்கச்சியா? நல்லா வேலை செய்யுது" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு சைக்கிளைத் திருப்பினேன். அவசரத்தில் பெடல் கால் முட்டியில் இடித்தது.

மறுவருடம் ரயில்வே பரீட்சை எழுதினேன். உள்நாட்டுத் தொழிலைக் காப்பது பற்றிக் கட்டுரை கேட்டிருந்தார்கள். தடை வேண்டும் என்று மனசார எழுதித் தேறினேன். கொருக்குப்பேட்டை சரக்குக் கொட்டகையில் குமாஸ்தா வேலை. நான் சேர்ந்த வாரமே தங்கை தானாக சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இனி அது தனக்குத்தான் என்றாள். நான் பஸ்ஸில் போனேன்.