குழாயம்மா

கழிப்பறைக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டே போகிறார். கடைசிக் குழாய் இருமுகிறது, காற்றைக் கக்குகிறது, பிறகு நூல்போல ஒழுகுகிறது. அந்த நூலிலேயே கையைக் கழுவி, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறார். வாசலில் தலைமையாசிரியர் தேநீர்க் கோப்பையோடு காத்திருக்கிறார். அவர் வணக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள், "இது எப்பலேர்ந்து இப்படி?" என்று கேள்வி வந்து விழுகிறது. தேநீரை யாரும் குடிக்கவில்லை.

இந்தச் சிறு நகரத்தின் அரசுப் பள்ளிகள் அத்தனைக்கும் இவர்தான் இயக்குநர். எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதலில் கழிப்பறை, அப்புறம் வகுப்பறை, கடைசியில்தான் தலைமையாசிரியர் அறை. காரணம் கேட்டேன். "குழாய்ல தண்ணி வந்தா, அந்த ஸ்கூல்ல யாரோ ஒருத்தராவது பிள்ளைங்களைப் பத்திக் கவலைப்படறாங்கன்னு அர்த்தம். மத்ததெல்லாம் நமக்காக ஜோடிச்சு வச்சிருப்பாங்க" என்றார். ஆசிரியர்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் குழாயம்மா. அது தன் காதுக்கு எட்டாது என்று அவர்கள் நம்புவதில் இவருக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான உடம்பு. பல வருடம் வேதியியல் ஆசிரியையாக இருந்தவர் என்பதால் எதையும் முகர்ந்து பார்க்கும் பழக்கம் உண்டு. புதிதாக வர்ணம் அடித்த சுவரை முகர்வார். ஈரம் உள்ளே இருப்பதை மூக்கிலேயே கண்டுபிடித்து, வர்ணம் அடித்தவரைத் திரும்ப வரவழைப்பார். மதியச் சாப்பாடு எப்போதும் ஜன்னலோரம் நின்றபடி, தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு. அழைப்பு வந்தால் "ஹலோ" கிடையாது. "சொல்லுங்க, எங்க ஒழுகுது?" என்றுதான் ஆரம்பிப்பார். பாதி அழைப்புகள் கூரை பற்றியவை. மீதி, வராத ஆசிரியர், கிளம்பாத பேருந்து, சண்டைக்கு வரும் பெற்றோர்.

வீட்டுக்காரர் பல் கட்டுபவர். வீட்டின் முன்னறையே அவருடைய பட்டறை. மேசை முழுக்க யார் யாருடையவோ பல்வரிசைகள் சிரித்துக்கொண்டிருக்கும். "நான் தினமும் ஊர் வாயில விழறேன். இவர் உட்கார்ந்து அந்த வாய்க்கெல்லாம் பல்லு கட்டிக் குடுக்கறார்" என்று என்னிடம் சொன்னார். கணவர் தலையை நிமிர்த்தாமல் புன்னகைத்தார். பழைய நகைச்சுவை போலிருக்கிறது.

நான் இவரைப் பற்றி எழுதலாமென்று போய்ச் சேர்ந்த வாரத்தில்தான் வாசிப்புத் தேர்வின் முடிவு வந்தது.

முடிவைச் சொல்வதற்கு முன் அந்தப் பள்ளியைச் சொல்ல வேண்டும். நகரத்தை இரயில் பாதை இரண்டாகப் பிரிக்கிறது. இந்தப் பக்கம் மேடு, மரங்கள், பூட்டிய கேட்டுகள். அந்தப் பக்கம் கிடங்குகள், சலவைக்கூடங்கள், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். அந்தப் பக்கத்துக்கு இருப்பது ஒரே ஒரு பள்ளி. இரண்டு வருடமாக மூன்றாம் வகுப்பு வாசிப்பில் நகரத்திலேயே கடைசி. பள்ளிகளை நடத்துவதற்கு மக்கள் தேர்ந்தெடுத்த ஐவர் குழு ஒன்று உண்டு. அதன் தலைவர் இரும்புக் கடைக்காரர். கெட்டவர் இல்லை, எதையும் கடைக் கணக்கில் பார்ப்பவர். ஓடாத சரக்குக்கு அலமாரி எதற்கு என்று கேட்டு, இந்த வருடமும் தேறாவிட்டால் அந்தப் பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பேருந்தில் இந்தப் பக்கம் கொண்டுவருவது என்று போன வருடமே குழுவில் முடிவெடுத்து வைத்திருந்தார்.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை இவருடைய நாத்தனார், கணவரின் ஒரே தங்கை. இவர் இயக்குநராவதற்கு முன்பே அந்தப் பதவியில் இருந்தவர். பள்ளியில் இவரை "மேடம்" என்பார், வீட்டில் "அண்ணி". இரண்டும் ஒரு நாளும் இடம் மாறியதில்லை.

முடிவு வந்தபோது அந்தப் பள்ளி கடைசியிலிருந்து ஒரே தாவலில், எப்போதும் முதலில் நிற்கும் மேட்டுப் பள்ளிக்கு அடுத்த இடத்தில் போய் நின்றது. அலுவலகத்தில் கைதட்டினார்கள். கடைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, பத்திரிகைக்காரர்களைக் குழுக் கூட்டத்துக்கு வரச்சொல்லிவிட்டதாகச் சொன்னார். இவர் "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டார். போனை வைத்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அன்றைக்குக் குழாய்களைக்கூடப் பார்க்கவில்லை. நேரே மூன்றாம் வகுப்புக்குள் போனார். குட்டிப் பெஞ்சியில், முழங்கால் முகவாயை இடிக்க, ஒரு பெண் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அலமாரியிலிருந்து ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து விரித்து, "இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டறியா, கண்ணு?" என்றார். கொட்டகைக் கூரைமேல் ஏறிவிட்ட ஓர் ஆட்டின் படம். கீழே நாலு வரி.

குழந்தை விரலை முதல் வரியில் வைத்தது. கணீரென்று தொடங்கியது. "கடலோரத்தில் ஓர் உயரமான கலங்கரை விளக்கம் இருந்தது. அதில் ஒரு காவல்காரர் தனியாக வாழ்ந்து வந்தார்."

ஆடு கூரைமேல் நின்றுகொண்டுதான் இருந்தது. விரல் வரிசையாக நகர்ந்தது, நிறுத்த வேண்டிய இடத்தில் நின்றது, அடுத்த வரிக்குத் தாவியது. காவல்காரர் புயலில் விளக்கேற்றினார். கப்பல் கரைசேர்ந்தது. பாதியில் பக்கத்துப் பிள்ளையும் சேர்ந்துகொண்டது. பிறகு வகுப்பு முழுவதும் ஒரே குரலாக. அது தேர்வில் வந்த பகுதி. கரும்பலகைப் பக்கம் நின்றிருந்த இளம் ஆசிரியை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப அழகாச் சொன்ன" என்றார் இவர். பிறகு ஆட்டுக்குக் கீழே இருந்த முதல் எழுத்தைத் தொட்டு, அது என்ன என்று கேட்டார். குழந்தை எழுத்தைப் பார்க்கவில்லை. பதில் அங்கே எழுதியிருப்பதுபோல இவர் முகத்தையே பார்த்தது.

தலைமையாசிரியை அறையில் நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். இவர் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். நாத்தனார் கதவைச் சாத்தினார். எதையும் மறுக்கவில்லை. கேள்வித்தாள் முன்கூட்டியே வந்து சேரும், பிரித்துப் பார்த்திருக்கிறார், பிள்ளைகளுக்குப் பாட்டுபோலச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்த ஆசிரியையின் மேல் பழி இல்லை, தான் சொல்லித்தான் அவள் செய்தாள் என்றார். அதுவரை "மேடம்" என்றே பேசிக்கொண்டிருந்தவரின் குரல் அப்புறம்தான் உடைந்தது.

"ரெண்டு வருஷமா கீழ் வகுப்புக்கு டீச்சர் கேட்டேன், அண்ணி. நீங்க யாரை அனுப்பினீங்க? நல்லா சொல்லிக் குடுக்கற ஒருத்தர் இங்க இருந்தா, மேட்டுப் பக்கத்துக்காரங்க ஒரு போன் போட்டா போதும், மாத்தல் வந்துடும். இந்தப் பக்கத்து அம்மாங்களுக்குப் போன் போட நேரம் இல்ல. ஸ்கூலை மூடினா பாதிப் பிள்ளைங்க பஸ்ல ஏறவே மாட்டாங்க. வீட்டோட நின்னுடுவாங்க. நான் வேற என்ன பண்ணியிருக்கணும்?"

இவர், "நீ கேட்டது நிஜம். நான் அனுப்பாததும் நிஜம். ஆனா அந்தப் பொண்ணுக்குப் படிக்கத் தெரியும்னு இப்போ ஊரே நம்புது. இனிமே அவளுக்கு யாரு சொல்லிக் குடுப்பா?" என்றார்.

நாத்தனார் முகத்தை மூடிக்கொண்டார். எழுந்து அவர் தோளைத் தொடப் போன இவர், தொடாமலே வெளியே வந்துவிட்டார்.

அன்று மாலை வீட்டில் நடந்ததைப் பிறகு கணவர்தான் எனக்குச் சொன்னார். இவர் முழுவதையும் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏதாவது சொல்லுங்க" என்றிருக்கிறார். "அவ என் தங்கச்சி. நீ என் பொண்டாட்டி. என்கிட்ட மட்டும் கேக்காத" என்று சொல்லிவிட்டு அவர் பட்டறை விளக்கைப் போட்டுக்கொண்டாராம். தேய்த்துக்கொண்டிருந்த பல்லைத் தேவைக்கு மேல் தேய்த்து வீணாக்கிவிட்டேன் என்று என்னிடம் சொல்லும்போதும் அவர் நிமிரவில்லை.

குழுக் கூட்டம் மேட்டுப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. முன் நாற்காலிகளில் மேட்டுப் பெற்றோர். அந்தப் பக்கத்துக்காரர்கள் வேலையிலிருந்து நேராக வந்ததால் பின்னால் கதவோரம் நின்றார்கள். அவர்கள் முகத்தில் சிரிப்பு இருந்தது. தங்கள் பள்ளியின் பெயரை நல்லவிதமாகச் சொல்லப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். கடைக்காரர் பூரிப்போடு மைக்கை இவரிடம் தள்ளினார்.

இவர் கைகள் மேசைக்கு அடியில் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அந்தப் பள்ளியின் மதிப்பெண் செல்லாது, பிள்ளைகளுக்குத் தேர்வுப் பகுதி முன்பே சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது, வெளி ஆட்களை வைத்து மறுபடி சோதிக்க வேண்டும் என்று மூன்று வாக்கியத்தில் சொன்னார். நாத்தனார் பெயரையும் உறவையும் இவரே சொன்னார், பிறர் சொல்லட்டும் என்று விடவில்லை. கடைக்காரர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, நல்ல செய்தியை நல்ல செய்தியாகவே விடக்கூடாதா என்று முணுமுணுத்தது முன்வரிசைவரை கேட்டது.

பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டார். சலவைக்கூடச் சீருடை, இன்னும் ஈரம் காயாத முன்கைகள். "அப்போ எங்க ஸ்கூலை மூடப் போறீங்க. அதைச் சொல்லத்தான் வந்தீங்களா?"

"மூடறதும் வைக்கறதும் இந்த அஞ்சு பேர் கையில இருக்கும்மா" என்றார் இவர். "ஆனா உங்க பிள்ளைங்க கடைசியில நின்னதுக்குக் காரணம் உங்க பிள்ளைங்க இல்ல. நான் அங்க ஆள் போடல. யாரு சத்தமாக் கேட்டாங்களோ அவங்களுக்கே குடுத்துட்டேன்."

அதோடு நிறுத்தியிருந்தால் வீட்டுக்கு நிம்மதியாகப் போயிருக்கலாம். நிறுத்தவில்லை. மேட்டுப் பள்ளியின் சிறந்த வாசிப்பு ஆசிரியைகள் இருவரை உடனே அந்தப் பக்கம் மாற்றப்போவதாகச் சொன்னார். அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த முன்வரிசை எழுந்து நின்றது. தங்கள் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்க நீங்கள் யார் என்று ஒருவர் மேசைவரை வந்துவிட்டார். இவர் பின்வாங்கவில்லை; உதடு மட்டும் வெளுத்திருந்தது.

பள்ளியை மூடுவதா என்ற வாக்கெடுப்பில் இரண்டுக்கு இரண்டு. கடைக்காரர் கதவோரம் நின்றவர்களை நெடுநேரம் பார்த்தார். அவர்களில் பலர் அவர் கடையில் ஆணி வாங்குகிறவர்கள். பிறகு இவர் பக்கம் குனிந்து, "ஒரு வருஷம் தர்றேன். ஸ்கூலுக்கும் சரி, உங்களுக்கும் சரி" என்றார்.

மறுதேர்வில் அந்தப் பள்ளி பழைய இடத்துக்கே, கடைசிக்கே, வந்தது. பத்திரிகை அதைப் பெரிய எழுத்தில் போட்டது. நாத்தனாரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். வேறு ஊருக்குப் போகலாம் என்று சொல்லியும் போகாமல், அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மாற்றப்பட்ட ஆசிரியைகளில் ஒருவர் வேலையை விட்டுவிட்டார். இன்னொருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆனால் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார். நாத்தனார் அண்ணன் வீட்டுக்கு வருவதில்லை. கணவர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் திரும்பி வருகிறார். பள்ளியில் பார்த்தால் "மேடம்". அவ்வளவுதான்.

அடுத்த தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் மறுபடி இவரோடு அங்கே போனேன். மூன்றாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, உள்ளிருப்பவர்கள் பார்வையில் படாதபடி தூணை ஒட்டி நின்றார். உள்ளே ஒரு சிறுமி பலகை முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். பாட்டு இல்லை. ஒவ்வோர் எழுத்தாக, கல்லை நகர்த்துவதுபோல. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டாள். "தண்" என்றாள். நின்றாள். மறுபடி "தண்" என்றாள். பலகையில் இருந்த சொல் தண்டவாளம். நாத்தனார் சாக்பீஸைக் கைக்குள் மூடிக்கொண்டு, எடுத்துக்கொடுக்காமல் காத்திருந்தார்.

எனக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அசைவு. குழாயம்மாவின் உதடுகள் "ட" என்று பிரிந்துகொண்டிருந்தன. ஓசை வெளியே வருவதற்குள் உள்ளங்கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.