நல்ல தண்ணீரில் வெந்த பன்றிக்கால்

அருப்புக்கோட்டைக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் போனது தண்ணீர். ரங்கூனில் தண்ணீர் என்றால் தண்ணீர்தான். வருஷத்தில் பாதி நாள் வானமே அதைக் கொட்டிக்கொண்டிருக்கும். இங்கே நல்ல தண்ணீர் வேறு, உப்புத் தண்ணீர் வேறு. குளிக்கவும் கழுவவும் உப்புத் தண்ணீர். குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் நல்ல தண்ணீர். அதற்கு ஊருக்கு வெளியே உள்ள கிணற்றுக்குக் குடத்தோடு போய் நிற்க வேண்டும். தெரியாமல் ஒருநாள் உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பைப் போட்டுவிட்டேன். மத்தியானம் வரை கொதித்தும் பருப்பு கல்லாகவே கிடந்தது. எங்களுக்குப் பின்கட்டை வாடகைக்கு விட்டிருந்த கோவிந்தம்மாள் அக்கா எட்டிப் பார்த்து, "பர்மாவுல பருப்பே வேகவைக்க மாட்டீகளோ?" என்றார். வேகவைப்போம் அக்கா என்று மரியாதையாகப் பதில் சொன்னேன். அவர் கேட்டது கேள்வி இல்லை என்பது அவர் சிரித்துக்கொண்டே தறிக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

ரங்கூனிலேயே தங்கிவிட்டவர்களும், எங்களைப் போலக் கப்பலேறி வந்து எங்கெங்கோ குடியேறியவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். என் கணவரின் பூர்வீகம் திருச்சுழிப் பக்கம். அதனால் நாங்கள் சொந்த ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் என்றே எல்லாரும் சொன்னார்கள். நான் அந்த ஊரை அதற்கு முன் பார்த்ததே இல்லை. கணவருக்கு மில்லில் வேலை கிடைத்தது. இரண்டாவது பிள்ளை, பெண், இங்கே பிறந்தாள். திருச்சுழியிலிருந்து நாத்தனார் வந்து என்னைக் கவனித்துக்கொண்டார். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். சுட்ட கருவாடு, பூண்டுக்குழம்பு, சுறாப்புட்டு எல்லாம் குறைவில்லாமல் வந்தன. வெந்நீர் மட்டும் நாக்கு நனையும் அளவுக்கு. பெரியவர்கள் சொன்னதை மீறிப் பழக்கமில்லாத நான் அப்படியே இருந்தேன். பால் குறைந்துகொண்டே போனது. குழந்தை வாய் வைத்து இழுக்கும், விடும், அழும், களைத்துத் தூங்கும். அதன் தொடைச் சதை தளர்ந்து மடிவதை ஒவ்வொரு நாளும் குளிப்பாட்டும்போது பார்த்தேன். நாத்தனார் மனம் நொந்து, "எங்க கைப்பக்குவம் எல்லாருக்கும் ஒத்துச்சு. ஒன் ஒடம்பு பர்மா ஒடம்பா இருக்கே" என்றார். அவர் ஊருக்குப் போன பிறகும் தண்ணீர்ச் செம்பை எடுக்க எனக்குக் கை கூசியது.

மூத்தவன் ரங்கூனில் பிறந்தபோதும் இப்படித்தான் பால் வரவில்லை. எதிர்வீட்டுச் சீனத்து அம்மாள் ஒருநாள் மூடிய பானையோடு வந்தார். எங்களுக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் பானையைத் தொட்டு "வெத்தா" என்று பர்மியச் சொல்லில் சொல்லி, பிறகு என் மார்பைக் காட்டினார். வெத்தா என்றால் பன்றி இறைச்சி. பானைக்குள் இரண்டு பன்றிக்கால்கள், கை நிறைய இஞ்சி, புளிப்புக்குச் சீனர்கள் ஊற்றும் கறுப்புக் காடி. காலையிலிருந்து சாயங்காலம் வரை மெல்லிய தீயில் இருந்ததால் தோல் பளபளவென்று மின்னி, கரண்டி பட்டதும் நடுங்கியது. அவர் என்னிடம் குடி குடி என்று சைகை காட்டினார். என் அம்மா தயங்கித் தயங்கித்தான் ஊட்டினார். பால் வந்த பிறகு, தயக்கத்தை விட்டு அவரிடமே செய்முறை கற்றுக்கொண்டார்.

இதை இந்த ஊரில் செய்யலாமா என்று பல நாள் யோசித்தேன். சொல்லாமல் செய்யலாமா, சொல்லிவிட்டுச் செய்யலாமா என்று அதற்குமேல் யோசித்தேன். வீட்டை விட்டு அனுப்பிவிட்டால் கைக்குழந்தையோடு எங்கே போவது? கணவர் பேசாமல் இரு என்றார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அக்காவிடம் கேட்டேவிட்டேன். அவர் தறியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பன்னி இந்த வாசப்படிய மிதிச்சா ஒங்க சாமானம் தெருவுல கெடக்கும். தறியில பாவு நூலு ஓடிக்கிட்டிருக்கு. கஞ்சி போட்ட நூலு வாடையக் குடிச்சிரும்" என்றார். பிறகு குழந்தையைப் பார்த்தார். "வேலிக்கு அந்தப் பக்கம் வச்சுக்க. புதுச் சட்டியா இருக்கணும். ஆக்கி முடிச்சதும் ஒடச்சிரு."

கண்மாய்க்கரையில் ஞாயிற்றுக்கிழமை பன்றி வெட்டுவார்கள். என் கணவர் போய்க் கால் கேட்டதும், வெட்டுகிற ஆள் கறி இருக்கும்போது காலை எதற்குக் கேட்கிறார் என்று விளங்காமல் இரண்டு முறை கேட்டுவிட்டுக் கொடுத்தாராம். முடியைத் தீயில் வாட்டி, கத்தியால் சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவினேன். முதல் கொதி வந்த தண்ணீரைக் கொட்டினேன். காடிக்கு எங்கே போவது? புளியும் கருப்பட்டியும் கரைத்து ஊற்றினேன். நிறம் மட்டும் அப்படியே வந்தது. இஞ்சி, பூண்டு, மிளகு தட்டிப்போட்டு, சட்டி நிறைய நல்ல தண்ணீர் விட்டேன். அக்கா வேலிக்கு இந்தப் பக்கம், வீட்டுப் பக்கமாகவே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, மனுசனுக்கே இல்லாத நல்ல தண்ணியப் பன்னிக்கா ஊத்துற?"

"உப்புத் தண்ணியில வேகுமோ வேகாதோன்னு பயமா இருக்கு அக்கா."

அவர் சிரிக்கவில்லை. என் அடுப்பில் பருத்திமார், காய்ந்த பருத்திக் குச்சிகள், பக்கென்று எரிந்து அணைந்துகொண்டிருந்தது. சட்டி ஒருமுறை பொங்கும், அடுத்த நிமிஷம் அடங்கும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தவர் உள்ளே போய், கருவேல மரத்தின் கனத்த அடித்தூர் ஒன்றை இழுத்துவந்து வேலிக்கு மேலாகத் தள்ளினார். "இத வையி. ஊத்துன தண்ணியாச்சும் வீணாகாம இருக்கட்டும்." தூர் பற்றிக்கொண்டதும் தீ ஆடாமல் நின்றது. சாயங்காலம் கரண்டி பட்டதும் தோல் நடுங்கியது. வேலியோரம் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் இல்லாமல், கிண்ணம் கிண்ணமாகக் குடித்தேன்.

மிச்சத்தை மறுநாளும் சூடாக்கிக் குடித்தேன். அன்று குழந்தை இழுத்ததை விடவில்லை. பன்றிக்கால்தான் பாலைக் கொண்டுவந்ததா, அத்தனை நாள் குடிக்காத தண்ணீர் கொண்டுவந்ததா, அம்மாவின் சமையல் வாசனையில் மனம் ஆறியதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நாத்தனாரிடம் எதைச் சொன்னாலும் அவர் மனம் கோணும் என்று, பால் வந்துவிட்டது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

சட்டியை உடைக்க வேலியோரம் போனபோது அக்கா செம்போடு நின்றிருந்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அடியில சாறு கெடக்கா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அவுகளுக்கு மூலம். பன்னிக்கறி தின்னா கேக்கும்னு வைத்தியரு சொல்லி வருசமாச்சு. இந்த வீட்டுல யாரு ஆக்கிக் குடுக்குறது? சாறு மட்டும் ஊத்து. மருந்துக்கு ஏது தீட்டு?" உடைய வேண்டிய சட்டியிலிருந்து சாற்றை அவர் செம்பில் ஊற்றினேன். அவர் கணவர் வேலிக்கு வெளியே வந்து, நின்றபடியே குடித்தார். குடித்துவிட்டுச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "அந்தத் துண்டும் மருந்துதான?" என்று கேட்டார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

அந்தச் சட்டி உடையவில்லை. வேலிக்காலில் கவிழ்த்து வைக்கச் சொன்னார் அக்கா. அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கும், வேலிக்கு அந்தப் பக்கமே கொதிக்கும், வேலிக்காலுக்கே திரும்பும். அடுப்படிக்குள் ஒருநாளும் வந்ததில்லை. இப்போது ஆடிக்காற்று அடிக்கிறது. நடக்கப் பழகிவிட்ட என் மகள் வாசல்வரை போய் அதைப் பார்த்து "சட்டி" என்கிறாள். காற்றில் விழுந்துவிடாமல் இருக்க அக்காவே தறியில் மிஞ்சிய நூலை முறுக்கி அதன் கழுத்தை வேலியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். முடிச்சு, என்னால் அவிழ்க்க முடியாத அளவுக்கு இறுக்கம்.