புள்ளிக்கோடும் முழுக்கோடும்

போன வாரம் மகள் எனக்குத் தலைச்சாயம் பூசிவிட்டாள். டப்பாவைத் திறந்ததுமே அமோனியா மூக்கில் ஏறியது. "என்னம்மா, அழறியா?" என்றாள். நெடிதான். ஆனால் அது என்னை நேராகப் புனே அலுவலகத்தின் நகல் அறையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. வரைபடங்களை அமோனியாவில் காட்டித்தான் அப்போது நகல் எடுப்பார்கள். அந்த அறைக்குள் போய்விட்டு வெளியே வந்தால், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஆறுதல் சொல்ல வருவார்கள்.

எழுபதுகளின் கடைசியில், சாலை போடும் ஓர் அலுவலகத்தில் டிரேசராகச் சேர்ந்தேன். மூலப் படத்தின் மேல் தாளை வைத்து மையால் இழுக்கும் வேலை. அப்பாவுக்குத் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் உத்தியோகம். நான் அங்கிருந்து லோக்கல் ரயிலில் வந்து சிவாஜிநகரில் இறங்குவேன். எனக்குத் தெரிந்த சாலைகளே இரண்டு: ஸ்டேஷனுக்குப் போவது, மார்க்கெட்டுக்குப் போவது. என்னிடம் மாவட்டத்தையே கொடுத்துவிட்டார்கள். போட்டு முடித்த சாலைக்கு முழுக்கோடு, போடப்போகும் சாலைக்குப் புள்ளிக்கோடு. அதுவரை புரிந்தது. ஆனால் நேற்று மாவட்டச் சாலையாக இருந்தது இன்று மாநிலச் சாலையாகிவிடும். எண் மாறும், நிறம் மாறும். பழைய எண்ணுக்குப் புது நிறம் பூசி நான் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

ஒரு மழைக்காலத்தில் பாபுராவ் என்ற விவசாயி வந்தார். அகமத்நகர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சிற்றூர் அவருடையது. முழங்கால் வரை சேறு. எங்கள் வரைபட நகல் ஒன்றை என் மேஜையில் விரித்து, ஒரு முழுக்கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"தாயி, ஹா ரஸ்தா குடே ஆஹே?"

அக்கா, இந்த ரோடு எங்கே இருக்கிறது என்கிறார். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். வலி எடுத்த மருமகளைக் கட்டிலோடு தூக்கி ஓடையைத் தாண்டினார்களாம். குழந்தை தங்கவில்லை. ரோடு கேட்டு மனுக் கொடுத்தால், உங்களுக்குத்தான் இருக்கிறதே என்று இந்தத் தாளைக் காட்டுகிறார்களாம்.

அது என் கோடுதான். வளைவில் பேனாவை அழுத்தும் என் கெட்ட பழக்கம் அதில் தெரிந்தது. புள்ளிகளை நான்தான் கோடாக இழுத்துவிட்டேனா? மூலப் படத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. எங்கள் எஞ்சினியர் அருள்ராஜ் சாரிடம் போய் நின்றேன். மூன்று தலைமுறையாகப் புனேயில், கேம்ப் என்ற பழைய கன்டோன்மென்ட் பகுதியில் இருக்கும் தமிழர்.

"நான் தப்பா போட்டுட்டேனா சார்?"

"தெரியல மா. ஃபைல்லயும் வேல முடிஞ்சதுன்னுதான் இருக்கு."

"அப்ப ஃபைலப் பாத்து நான் போட்டேனா, என் படத்தப் பாத்து ஃபைல் எழுதினாங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சலோ, நேர்ல போய்ப் பாத்துடலாம்."

மறுநாள் ஜீப்பில் போனோம். குழப்பம் கூடியதுதான் மிச்சம். பாதித் தூரத்துக்கு ஜல்லி பரப்பி உருட்டியிருந்தது. அப்புறம் ஒரு கம்பங்காட்டின் முன்னால் சாலை நின்றுவிட்டது, அதற்கப்பால் ஓடை. பாதிச் சாலைக்கு என்ன கோடு என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. திரும்பி வந்து, நான் இழுத்த தாளில் பிளேடால் மையைச் சுரண்டிச் சுரண்டிப் புள்ளிகளாக்கினேன். சார் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். தப்பு யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

மூன்று வருடம் கழித்துச் சாலை வந்தது, ஒரு சிறு பாலத்தோடு. பாபுராவ் அதைச் சொல்லவே வந்தார். பஸ் வருகிறதாம். பாலம் கட்டியதில் அவர் கிணறு போய்விட்டதாம். நன்றி சொல்கிறாரா, குறை சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. என் அரைகுறை மராத்தியில் மருமகளை விசாரித்தேன். இப்போது பெண் குழந்தை, பிரசவத்துக்குப் பஸ்ஸில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்றார்.

சென்ற வருடம் அகமத்நகர் சாலையில் ரஞ்சன்காவ் பக்கம் போனபோது அந்த ஊரைத் தேடினேன். அகலமான சிமெண்ட் சாலை, இரண்டு பக்கமும் மதில், வரிசையாக லாரிகள். ஒரு காவலாளியிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி இந்தியில் விசாரித்தேன்.

"அப்படி ஊர் எதுவும் இல்ல மேடம். இது ஃபேக்டரியோட ரெண்டாம் நம்பர் கேட்."

அவர் நின்ற இடத்தில்தான் அந்தப் பாலம் இருந்திருக்க வேண்டும். இல்லை, கொஞ்சம் தள்ளியோ என்னவோ. மாவட்டம் முழுவதையும் வரைந்த எனக்கு அதைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.