பட்டாசு வெடித்த நாளில் ஓடிய புரோகிராம்

சுனாமியில் கடல் வந்து உம்மாவைக் கொண்டுபோன பிறகு, பெறுமதியான எதையும் வாப்பா கீழ்வீட்டில் வைப்பதில்லை. கட்டாரிலிருந்து மாமா அனுப்பிய பழைய கம்பியூட்டரும் அதனால் மாடியறைக்குத்தான் போனது. நான் அப்போது கல்முனையில் கம்பியூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். சி மொழிப் பரீட்சை நெருங்கியிருந்தது.

என்னோடு படித்த தோழி பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்தவள். அவள் வீட்டில் கம்பியூட்டர் இல்லை. "எங்கட வீட்ட வா, ரெண்டு பேருமாச் செஞ்சு பாப்பம்" என்றேன். வந்தாள். அவளுடைய அண்ணன் கிளிநொச்சியில் கலியாணம் கட்டி அங்கேயே தங்கிவிட்டவர். வடக்கில் சண்டை இறுகிய பிறகு அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அதை ஒருதடவைதான் சொன்னாள். நானும் தோண்டிக் கேட்கவில்லை.

வகுப்பில் தந்த சீடியிலிருந்து கம்பைலரைப் பதிந்தோம். இரண்டு எண்களைக் கூட்டும் சின்னப் புரோகிராம் ஒன்றை அவள் தட்டினாள். கம்பைல் செய்தால் முதல் வரியிலேயே பிழை: அங்கே நாங்கள் கேட்டிருந்த கோப்பைத் திறக்க முடியவில்லையாம். தேடிப் பார்த்தோம், கோப்பு இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி பதிந்தோம். அதே பிழை.

நான் அலுத்துப்போய் எழுந்துவிட்டேன். அவள் விடவில்லை. மெனுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கோப்புகளைத் தேட வேண்டிய இடமாக, எங்கள் கம்பியூட்டரில் இல்லாத ஒரு டிரைவின் பெயர் ஒரு மெனுவில் எழுதியிருந்தது. வகுப்பு மெஷினில் இருந்ததை அப்படியே சீடிக்கு எடுத்திருக்கிறார்கள்.

"இஞ்ச பாருகா, இல்லாத இடத்தில போய்த் தேடுது" என்றாள்.

அந்தப் பாதையை எங்கள் டிரைவுக்குத் திருத்தினாள். பிழை ஒன்றும் வரவில்லை. கறுப்புத் திரை இரண்டு எண்களைக் கேட்டது, கொடுத்தோம், கூட்டிச் சொன்னது. கைகொட்டிச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் வீதியில் பட்டாசு வெடித்தது. மோட்டார் சைக்கிள்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. வாப்பா படியேறி வந்தார். "சண்டை முடிஞ்சிட்டாம்" என்றவர், அவளைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

வாப்பாவின் அண்ணன், எங்கள் பெரியவாப்பா, இந்த நீண்ட சண்டைக் காலத்தில் ஒருநாள் வயலுக்குப் போய்த் திரும்பாதவர். என் மனதுக்குள் பெரிய ஆறுதல் ஒன்று வந்தது உண்மை. அவள் முகத்தைப் பார்த்ததும் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"இனி ரோட்டத் துறப்பாங்க என்ன?" என்று கேட்டாள். "வவுனியாவுக்குப் போய் அண்ணனத் தேடலாம் என்ன?"

"ஓம்" என்றேன். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

வாப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உம்மாவைத் தேடியதைப் பற்றி அவர் எங்களிடம் கதைத்ததே இல்லை. அன்றைக்குக் கதைத்தார். "இவட உம்மாவத் தேடி நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போனன். அடக்க மையித்துக்கூடக் கிடைக்கல்ல. எண்டாலும் தேடாம இரிக்க ஏலாது மகள். நீங்க போங்க."

வீதி அடங்கும்வரை காத்திருந்து, அவளை வாப்பாவே வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

தாயும் அவளுமாக, சண்டையில் தப்பி வந்தவர்களை வைத்திருந்த வவுனியா முகாம்களுக்குப் போனார்கள். அண்ணியும் கைக்குழந்தையும் கிடைத்தார்கள். அண்ணன் கிடைக்கவில்லை, கடைசியாக எங்கே பிரிந்தோம் என்று அண்ணிக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தமுறை பரீட்சைக்கு அவள் வரவில்லை. அடுத்தமுறை எழுதித் தேறினாள். இப்போதும் வடக்குப் பக்கம் போக நேர்ந்தால், அண்ணனின் படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறாள்.