கெங்கம்மாவின் பூசணச் சட்டி

புளியந்தோப்பு மண்ணாங்கட்டிக்குப் பிள்ளைகள் ஏழு, தங்கியது இரண்டு. மூத்தவன் பக்தவச்சலம், கடைசி கெங்கம்மா. சண்டைக் காலத்தில் எண்ணூர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரை, பூசணத்தை வைத்து வைக்கோலிலிருந்து எண்ணெய் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் பக்தவச்சலத்துக்குப் புட்டி கழுவும் வேலை. சண்டை முடிந்து துரை கப்பலேறியபோது, விட்டுப்போன பூசணத்தை ஒரு சட்டியில் எடுத்துவந்து தங்கச்சிக்குக் கொடுத்து, வளர்க்கும் விதத்தையும் சொன்னான். அடுத்த வருஷமே அம்மையில் போய்விட்டான். சட்டி அவளிடம் நின்றது.

காலடிப்பேட்டையில் மாசானம் என்று ஓர் எண்ணெய் வியாபாரி. வியாபாரி என்பது பேச்சுக்குத்தான். தெற்கேயிருந்து வந்து, மாமனார் ராமசுப்பு வைத்துக்கொடுத்த வியாபாரத்தைத் தின்று தீர்த்துவிட்டு, காலிப் பீப்பாய்களுக்கு நடுவே வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஆள். கெங்கம்மா தேடிவந்து பூசணத்தைப் பற்றிச் சொன்னதும் கிடங்கைத் திறந்துவிட்டான். சோப்புக் கம்பெனி ஞானதுரை எண்ணெய்க்கு ஒப்புக்கொண்டால், கிடங்குக்குப் பின்னால் இருக்கும் ஓட்டு அறை அவளுக்கு என்றான். மழைக்கு ஒழுகாத ஓர் அறை. கெங்கம்மாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வைக்கோலை நறுக்கித் திராவகம் கலந்த தண்ணீரில் வேகவைப்பாள். சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறிப்பாள். ஆறினதைத் தட்டுகளில் ஊற்றி, பூசணத்தைத் தூவி, ஈரச் சாக்கால் மூடிவைப்பாள். ஐந்தாம் நாள் பாலாடை மாதிரி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். அதை வழித்துக் காயவைத்து, பெட்ரோலில் ஊறப்போட்டு வடிப்பாள். பெட்ரோல் காற்றோடு போனதும் நெய் நிறத்தில் எண்ணெய் நிற்கும். தட்டின் சூட்டைக் கன்னம் வைத்துத்தான் பார்ப்பாள். கறுப்புப் புள்ளி கண்டால் அந்தத் தட்டையே கொட்டிவிடுவாள்.

இதில் மாசானம் செய்த வேலை, மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றது.

“ஏட்டி, இந்த நாத்தத்துக்கா எண்ணெய்னு பேரு?”

“நாத்தம் இல்லாத எண்ணெ எங்க கீது மொதலாளி? உள்ளார வந்து பாரேன்.”

வரமாட்டான். அவளுக்குக் குடிக்கத் தண்ணீரும் கொட்டாங்கச்சியில்தான்.

ஒரு புட்டி எண்ணெய் தேறியது. ஞானதுரை மோந்து, விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை வந்து வளர்வதையும் பார்க்கிறேன் என்றார். மாசானத்துக்குத் தலைகால் தெரியவில்லை. சேரிக்காரி கைபட்ட சரக்கு என்று தெரிந்தால் மானம் போய்விடுமாம். இவனுக்கு மானம்! அவளைச் சனிக்கிழமை கழித்து வரச்சொல்லி அனுப்பினான். தட்டில் படர்ந்திருந்த பூசண ஆடையை அழுக்கென்று வழித்தெறிந்தான். தட்டுகளுக்கும் விதைப் பூசணம் இருந்த சாடிக்கும் கொதிக்கக் கொதிக்க மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தீட்டுக் கழித்தான். பிறகு அவள் வேகவைத்திருந்த வைக்கோல் தண்ணீரைத் தட்டுகளில் ஊற்றி, சாடியில் கிடந்ததைத் தெளித்து, ஒவ்வொரு தட்டுக்கும் குங்குமப் பொட்டு வைத்தான்.

சனிக்கிழமை ஞானதுரை சாக்கைத் தூக்கினார். மஞ்சளாய்த் தண்ணீர். அதில் ஒரு பொட்டுக்கூட வளரவில்லை.

“என்னவே மாசானம், மஞ்சத்தண்ணி வச்சிருக்கீரு? யாருக்குச் சடங்கு?”

“எட்டு நாள் குடுங்க அண்ணாச்சி. வளத்துக் காட்டுதேன்.”

“நீரு வளத்தது மீசை ஒண்ணுதான். சரி, எட்டு நாள் பொறுக்கேன்.”

மறுநாள் புளியந்தோப்பில் மாசானம். குடிசைக்கு இருபதடி தள்ளி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். கெங்கம்மாவின் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

“ஏட்டி, பூசணம் செத்துப்போச்சு. ஒங்க அண்ணன் சட்டில மிச்சம் இருக்கும்லா?”

“கீது. அது எப்டி செத்துச்சு?”

சொன்னான். தீட்டுக் கழித்ததையும், குங்குமம் வைத்ததையும், ஏதோ புண்ணியம் பண்ணினவன் மாதிரிச் சொன்னான்.

“சட்டிய அங்கன வச்சிட்டுத் தள்ளி நில்லு. நான் எடுத்துக்கிடுதேன். ஓட்டு அறை ஒனக்குத்தான்.”

கெங்கம்மா சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்துத் துணியை அவிழ்த்தாள். வெள்ளைவெளேரென்று, தடிப்பாக, உயிரோடு இருந்தது. மாசானம் எச்சில் விழுங்கினான். அவள் தன் கூரையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். கீற்றுக்கு நடுவே வானம் தெரிந்தது.

“இதுலயும் என் கை பட்டுக்கீது மொதலாளி. அப்டியே எட்த்துகினு போனா ஒனக்கு ஆவாதே.”

உள்ளே போய்ச் சோற்றுப் பானையைத் தூக்கிவந்து, ஆவி பறக்கும் கஞ்சியை அந்தச் சட்டிக்குள் வடித்தாள்.

“தீட்டு போச்சு. எட்த்துகினு போ.”

அவள் சோற்றோடு உள்ளே போய்விட்டாள்.

அந்த வருஷ மழைக்கும் கெங்கம்மாவின் கூரை ஒழுகத்தான் செய்தது. ஒழுகின இடத்தில் அந்தச் சட்டியை வைத்தாள்.