கடைசி வீட்டுச் சுவரில் ஒரு கண்ணாடி

பூங்காவைச் சுற்றி நிற்கும் வீடுகள் எல்லாம் அந்தப் பூங்காவுக்குள்ளிருந்து வந்தவைதான். ஒரு காலத்தில் அங்கே மண்ணைத் தோண்டி, அங்கேயே செங்கல் அறுத்துச் சுட்டு, நாலு பக்கமும் மாடி வீடுகளை வரிசையாகக் கட்டினார்கள். மிஞ்சிய பள்ளத்தை என்ன செய்வது? மரம் நட்டுப் பூங்கா என்றார்கள். இன்றைக்கும் உள்ளே போகப் படி இறங்கித்தான் ஆகவேண்டும். செலவை மிச்சம் பிடிக்க இன்னொரு வேலையும் செய்தார்கள்: வீட்டுக்கு வீடு தனிச்சுவர் கிடையாது, என் சுவர்தான் உன் சுவர். முன்பக்கம் வெள்ளைப் பூச்சு, வளைவு வைத்த ஜன்னல், சுருள் சுருளாக இரும்புக் கம்பி. பின்பக்கம் போய்ப் பாருங்கள், பூசாத செங்கல். ஆடம்பரமெல்லாம் தெருவுக்கு மட்டும்தான்!

தையல்கார அக்கா இந்த வரிசையின் மூன்றாம் வீட்டில் பிறந்தவள், கடைசி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் பஸ் ஓட்டுநர். சண்டை வந்தால், "நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்று விறுவிறுவென்று கிளம்புவாள். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் திரும்பிவிடுவாள். ஓட்டுநர் தலையைத் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை. முன்னறை ஜன்னலோரம் அவள் மெஷின். பள்ளிச் சீருடைதான் பிழைப்பு. பூங்காவில் விழுந்து முழங்காலில் கிழித்துக்கொண்டு வரும் பிள்ளைகளைக் கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டே ஒட்டுப்போட்டு அனுப்புவாள்.

கடைசி வீடு முன்பு கடைசி வீடு இல்லை. அதற்கப்பால் ஒரு வீடு இருந்தது. சாலையை அகலமாக்க இடித்துவிட்டார்கள். இடித்த வீட்டு மாடிப்படியின் தடம் அக்கா வீட்டு வெளிச்சுவரில் இன்னும் இருக்கிறது. தோள் கொடுத்த வீடு போனதும் இந்தச் சுவர் தனியாக நின்றது. போன மழைக்குப் பிறகு உள்ளே, மாடிப்படியை ஒட்டி, மேலிருந்து கீழாக ஒரு விரிசல் விட்டது.

பழைய கட்டடங்களைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தாள். சின்ன வயசு, பெரிய தொப்பி. விரல் அகலக் கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சாந்து பூசி ஒட்டினாள். இருபுறமும் பென்சிலால் கோடு போட்டு இடைவெளியை அளந்துகொண்டாள்.

"சுவர் துளி நகர்ந்தாலும் இது உடைஞ்சிடும்கா. உடைஞ்சா உடனே வீட்டைக் காலி பண்ணிடுங்க. அப்புறம் இடிக்கிறதைத் தவிர வேற வழி இருக்காது."

அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசி வீட்டை இடித்தால் அடுத்த வீட்டுச் சுவர் தனியாக நிற்கும், அப்புறம் அதற்கடுத்தது. விஷயம் தெரிந்து வரிசை முழுக்க மாடிப்படி ஏறியது. அக்கா கீழே மெஷினில் இருப்பாள். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மூன்றாம் வீட்டு அண்ணன் காலையிலும் வருவார், மாலையிலும் வருவார்.

ஒரு நாள் மாலை மேலேயிருந்து அண்ணனின் அலறல். "பாப்பா! வெளியே ஓடு! வீடு அசையுது!"

அக்கா தைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு மேலே ஓடிப்போய்ப் பார்த்தாள். கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது.

அண்ணன் யாரையும் பேசவிடவில்லை. தையல் மெஷினைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தார். ஓட்டுநர் பெட்டிகளைக் கட்டினார். தைக்காத சீருடைத் துணிகளை அக்கா பள்ளிக்கே திருப்பி அனுப்பினாள். பிறந்த வீட்டில் படுத்தும் அவளுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.

மறுநாள் பொறியாளர் வந்தாள். உடைந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் குழப்பம். சட்டென்று இறுகும் சாந்தைக் குழைத்துப் புதுக் கண்ணாடி ஒன்றை ஒட்டினாள். "உடைஞ்சப்ப யாராவது பக்கத்துல இருந்தீங்களா?"

"நான்தான் மேடம்!" அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். "வீடு அசைஞ்சதை என் கையாலயே உணர்ந்தேன்."

"கையாலயா? கை எங்க இருந்துச்சு?"

"கண்ணாடி மேலதான். கெட்டியா ஒட்டியிருக்கான்னு தினமும் பார்ப்பேன். நான் மட்டுமா, எல்லாரும்தான். இந்தா, இப்படி..."

கட்டைவிரலை வைத்து அழுத்தினார். டப்!

புதுக் கண்ணாடியும் இரண்டு துண்டு.

"இப்பவும் வீடு அசைஞ்சுதா சார்?" என்றாள் பொறியாளர்.

ஓட்டுநர்தான் முதலில் சிரித்தார். "மச்சான், நல்லவேளை, என் பஸ் கண்ணாடியை நீங்க சோதிச்சுப் பார்க்கல!" பொறியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அளவுகோலை எடுத்தாள். பென்சில் கோடுகளுக்கு நடுவே அளந்தாள். இன்னொரு தடவை அளந்தாள்.

"அன்னிக்கு இருந்த அதே இடைவெளிதான்கா. ஒரு மயிரிழைகூட நகரல. வெளிச்சுவருக்கு முட்டுக் கொடுத்துட்டு விரிசலை அடைச்சிடலாம். இடிக்கிற பேச்சே வேண்டாம்."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "பாவி மனுஷா! என் உயிரை வாங்கிட்டியே! துணியெல்லாம் திருப்பி அனுப்பிட்டேனே! உனக்கு என்ன கை அரிப்பு?"

பொறியாளர் கீழே போகும்வரை அண்ணன் விரலைத் தேய்த்துக்கொண்டே நின்றார். பிறகு அக்காவுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"பயந்துட்டேன் பாப்பா. தங்கச்சி கண் முன்னாடியே இருக்கட்டும்னு உன்னை இந்த வீட்டுல கட்டிக்கொடுத்தது நான்தானே. வேற இடம் பார்க்கலாம்னு அம்மா சொன்னப்பக்கூட நான் கேட்கல. இது உன் தலைமேல விழுந்தா நான் எந்த முகத்தோட உயிரோட இருப்பேன்?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல வீடுதாண்ணே பார்த்துக் கொடுத்திருக்க" என்றாள். "எழுந்திரு. மெஷினைத் தூக்கிட்டு வா."